மொட்டைப் பாறையால் என் கிணற்றுக்கு என்ன லாபம்?

'மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் இருக்கிறது. மலையிலிருந்து வரும் ஓடை முக்கால்வாசி நாள் காய்ந்தே கிடக்கிறது. அதை நிரவி நிலத்தோடு சேர்த்துக்கொள்ளலாமா? மேலே இருப்பது வெறும் மொட்டைப் பாறைதானே?'

- வாசகர், மேலூர் வட்டாரம்.

ஓடையில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். பாறை தண்ணீரைக் குடிக்காது. அதுதான் உங்களுக்கு லாபம். ஓர் உழவு மழை பெய்தால், காய்ந்த காட்டில் அப்படியே ஊறிப்போகும். அதே மழை பாறையில் விழுந்தால் பெரும்பகுதி வழிந்து அடிவாரத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் வெடிப்புகளில் இறங்கிச் சுனையாகக் கசியும். ஓடை அதைக் கண்மாயில் சேர்க்கும். கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் கிணறு ஊறும்.

பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது, ஒருநடை போய்ப் பாருங்கள். ஏழு குன்றுகள், 200 சுனைகள், 72 நீர்நிலைகள் என்கிறது அரசுக் கணக்கு. 2022-ல் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அதையும் உள்ளடக்கி 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, சுற்றுவட்டார விவசாயிகள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வெறும் பாறைக்காகவா அவ்வளவு பேர் தெருவுக்கு வந்தார்கள்?

ஓடைகள் பெரும்பாலும் புறம்போக்காகத்தான் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். ஐப்பசிக்கு முன்பே முள்ளையும் மண்ணையும் வாரி, கரையில் வெட்டிவேர் வையுங்கள். ஓடைத் தண்ணீரை நேராகக் கிணற்றுக்குள் மட்டும் விட வேண்டாம், வண்டல் சேர்ந்து ஊற்றுக்கண் அடைத்துக்கொள்ளும்.