பட்டா எங்களுடையது, வெள்ளம் யாருடையது?

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

எங்கள் தெருவுக்குப் பின்னால் போகும் ஓடையைத் தூர்வாரி, இடிந்த கரையைக் கட்டித் தரும்படி நாங்கள் கொடுத்த மனுவுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஓடை தனியார் பட்டா நிலத்தில் இருப்பதால் நகராட்சி நிதியில் பணி செய்ய இயலாது என்று இரண்டே வரி. அதை ஏன் எங்களால் ஏற்க முடியவில்லை என்பதை ஊரறிய எழுதுகிறேன்.

பட்டா நிலம் என்பது உண்மைதான். புலப்படத்தில் ஓடை வெறும் வளைகோடாக இருக்கிறது. அதற்கென்று தனி சர்வே எண் கிடையாது. எங்கள் மனைகளின் பின்பகுதியை அறுத்துக்கொண்டு போகிறது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆறு, ஓடை, ஓடும் நீர், தேங்கும் நீர் எல்லாவற்றையும் அரசின் சொத்து என்று சொல்லிவிட்டு, பட்டாதாரருக்குச் சொந்தமானவற்றுக்கு விலக்குத் தருகிறது. அந்த விலக்கைத்தான் உங்கள் அலுவலகம் காட்டுகிறது. சரி, ஓடையின் படுகை எங்களுடையதாகவே இருக்கட்டும். அதில் வந்து விழும் தண்ணீர்?

ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். மேட்டுத் தெருவின் மழைநீர் வடிகால் எங்கள் தெருமுனைச் சிறுபாலத்தை ஒட்டி முடிகிறது. கான்கிரீட் வடிகாலின் வாய் படுகைக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. தண்ணீர் விழும் இடத்தில் கல் பாவவில்லை, தடுப்புச் சுவரும் இல்லை. விழுந்த வேகம் மண்ணைப் பறித்துப் பறித்து அங்கே ஒரு மடுவே உண்டாகிவிட்டது. எதிர்க்கரை சரிந்து, அதன்மேல் நிற்கும் தென்னையின் வேர்கள் வெளியே தெரிகின்றன. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி, ஐப்பசி பிறந்தால் அரிசி மூட்டையையும் துணிமணியையும் பரண்மேல் ஏற்றிவிடுகிறார். போன மழையில் அவருடைய சமையற்கட்டுச் சுவர் ஓடைப் பக்கம் சாய்ந்து, தரையோரம் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது. அந்த வீட்டுக்கு அவர் தவறாமல் சொத்து வரி கட்டுகிறார்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு யாரையும் குறை சொல்ல மாட்டோம். எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வர 10 சென்டிமீட்டரே போதும். ஓர் ஏக்கரில் அந்த அளவு மழை பெய்தால் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். வரப்பு கட்டிய வயல் அதில் பெரும்பகுதியைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும். மிச்சம் மடை வழியே மெல்ல வடியும். மொட்டை மாடியும் தார்ச்சாலையும் சிமெண்ட் முற்றமும் அதை உடனே கீழே தள்ளிவிடும். மேட்டில் இருந்த வயல்களெல்லாம் இன்று மனைப்பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் அனுமதி உண்டு. அனுமதி தரும்போது சாலைகளையும் பூங்காவுக்கான இடத்தையும் தானப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டது நகராட்சி. தண்ணீர் போகும் வழியை மட்டும் யாரிடமும் வாங்கவில்லை. எங்கள் கொல்லைப்புறம் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

மேட்டில் இயல்பாகப் பெய்யும் மழையைப் பள்ளத்து நிலம் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அதைச் சொல்கிறது, நாங்களும் மறுக்கவில்லை. அதே சட்டத்தின் அதே 7ஆம் பிரிவுதான், தன் நிலத்தின் வழியே ஓடும் இயற்கை ஓடையின் அளவையும் திசையையும் வேகத்தையும் பிறர் பெரிதாக மாற்றிவிடக் கூடாது என்பதையும் நில உரிமையாளரின் உரிமையாகக் காட்டுகிறது. பல தெருக்களின் நீரை ஒரே வாயில் திரட்டி எங்கள் ஓடையில் இறக்கியது இயற்கை அல்ல, உங்கள் பொறியியல் பிரிவு.

“பள்ளத்தில் ஏன் வீடு கட்டினீர்கள்?” என்றும் உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சியும் தன் மக்களைப் பார்த்து இதையேதான் கேட்டது. தெரிந்துதானே குடிவந்தீர்கள் என்றது, கையில் பணமில்லை என்றது. 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, வடிகால் கடமையிலிருந்து நழுவ நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்ட முடியாது என்று தீர்த்துச் சொன்னது. அது பொது வடிகால் பற்றிய வழக்கு என்று உங்கள் அலுவலகம் சொல்லலாம். ஊர் வடிகாலின் நீரைச் சுமக்கத் தொடங்கிய நாளிலேயே எங்கள் ஓடையும் பொது வடிகாலாகிவிட்டது.

உங்களுக்குள்ள சங்கடம் எனக்குப் புரிகிறது. தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைச் செலவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதற்கு வழி இருக்கிறது. ஓடைக்கும், இயந்திரம் வந்துபோக வேண்டிய கரைக்கும் நகராட்சிக்கு உரிமை தந்து பத்திரம் பதிந்து கொடுக்கலாம் என்று எங்கள் தெருவில் பேசி முடித்திருக்கிறோம். நிலம் எங்கள் பெயரிலேயே இருக்கும். உள்ளே வந்து வேலை செய்யவும் பராமரிக்கவும் உங்களுக்கு நிலையான உரிமை வரும். பிறகு எந்தத் தணிக்கையாளருக்கும் காட்ட உங்கள் கையில் காகிதம் இருக்கும்.

எங்கள் வரிசையிலேயே இரண்டு பேர் ஓடைக்குள் சுவரைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். அளந்து, அதையும் எடுத்துவிடுங்கள். யாருக்காகவும் பரிந்து பேச நான் வர மாட்டேன்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செய்தே ஆக வேண்டியவை அதிகமில்லை. நில அளவையரும் உங்கள் பொறியாளரும் சேர்ந்து ஓடையை அளக்க ஒரு தேதி வேண்டும். வடிகாலின் வாயில் கல் பாவி, பாட்டி வீட்டுப் பக்கம் கரை கட்ட வேண்டும். சிறுபாலத்தின் குழாய்கள் இன்று வரும் தண்ணீருக்குப் போதுமா என்று கணக்குப் பார்த்து, போதாதென்றால் மாற்ற மதிப்பீடு போட வேண்டும். தேதியைச் சொல்லுங்கள், பட்டா நகல்களோடு நாங்கள் சிறுபாலத்தருகே காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓடைக்கரையில் குடியிருக்கும் உங்கள் வரிதாரர்களில் ஒருவர்