வரவேற்பு வாசலில் யார் நிற்பது?



2009 இல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு முகாமுக்கு வந்த சிறுமிகள் இன்று கலியாண வயதில் நிற்கிறார்கள். அந்தத் தாய்மாரில் பலர் தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்தவர்கள். வேலை நிமித்தம் அவர்களுடைய வீடுகளுக்குப் போகும்போது அடிக்கடி ஒரு கேள்வி என் காதில் விழுகிறது. “கலியாண வரவேற்புக்கு என்ன மாதிரிச் சோடிக்கிறது, தங்கச்சி?” கேட்பதற்கு இது சின்ன விடயம்தான். ஆனால் பணமும் மானமும் துயரமும் இதற்குள் இருக்கின்றன. ஆகவே இம்மாதம் சோடனையைப் பற்றிப் பேசுவோம்.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமம். தையல் வேலை செய்து மகளை வளர்த்த தாய் ஒருவர் அங்கே இருக்கிறார். மகளுடைய கைத்தொலைபேசியில் நாற்பது படங்கள் இருந்தன. கொழும்பு ஹோட்டல் மண்டபம், சினிமா நடிகையின் திருமணம், கனடாவில் உள்ள மச்சாளின் வரவேற்பு என்று எல்லாம் கலந்து கிடந்தன. எல்லாமே அழகு, எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. சோடனைக்காரர் கேட்ட தொகையோ தாயின் பல மாத உழைப்பு. கிழமைக் கடன் எடுப்போமா என்று தாய் யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடன் நமது பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் ஒன்றை 2018 இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. ஒரு மாலை நேரச் சோடனைக்காக அந்த வலைக்குள் காலை வைக்க வேண்டாம்.

மகளிடம் நான் சொன்னது இதுதான். நாற்பது படங்களில் பத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்திலும் உங்களுக்குப் பிடித்தது எது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். அவள் எழுதியதில் ஏழு இடங்களில் ‘பச்சை இலை’ அல்லது ‘விளக்கு’ என்றே இருந்தது. ரெஜிபோம் தூண்களையோ பளபளக்கும் திரைகளையோ அவள் ஓரிடத்திலும் எழுதவில்லை. திரும்பத் திரும்ப நம் மனம் எதை நாடுகிறதோ அதுவே நமக்கு உரிய பாணி. பச்சை இலையும் விளக்கும் நமது ஊரிலேயே இருப்பவை.

அடுத்து, இடத்தைப் போய்ப் பாருங்கள். சுவரின் நிறம் என்ன? நிகழ்ச்சி பகலிலா, இரவிலா? சுவர் நிறத்தோடு ஒத்துப்போகும் இரண்டு நிறங்களை மட்டும் எடுங்கள். மணப்பெண்ணின் சேலை நிறத்தையே பின்னணிக்கும் வைத்தால் படத்தில் அவள் அதற்குள் மறைந்துபோவாள். இரவு என்றால் மஞ்சள் ஒளி முகத்துக்கும் பட்டுக்கும் அழகு தரும். நீல விளக்கு முகத்தை வெளிறச் செய்யும்.

மண்டபம் முழுவதையும் சோடிக்க வேண்டியதில்லை. வாசல், மணமக்கள் இருக்கும் மேடை, சாப்பாட்டு மேசை ஆகிய மூன்று இடங்கள் போதும்.

வாசலுக்குக் குலை வாழை, நிறைகுடம், குத்துவிளக்கு, தென்னங்குருத்துத் தோரணம். மங்கல வீட்டுத் தோரணம் வேறு, அமங்கல வீட்டுத் தோரணம் வேறு என்பதால் ஊரில் தெரிந்த பெரியவரைக் கொண்டு பின்னுவியுங்கள்.

மேடைக்குச் சேலைகளே போதும். ஒரு சேலை ஏறத்தாழ 18 அடி நீளம். நடுவில் மடித்துக் கம்பில் தொங்கவிட்டால் 9 அடி உயரத் திரை கிடைக்கும். கொசுவம் வைத்துக் கட்டும்போது ஒரு சேலை இரண்டடி அகலத்தை மறைக்கும். பன்னிரண்டு அடி மேடைக்கு ஆறு சேலைகள் தேவை. அவற்றை உறவினரிடம் இரவல் வாங்கலாம். ஊசி குத்தாமல் நூலால் கட்டுங்கள். விளக்குச் சுடரைத் துணிக்குக் கிட்ட வைக்காதீர்கள்.

மேசைக்குப் பனையோலைத் தட்டுகளும் பெட்டிகளும் எடுக்கலாம். அவற்றைப் பின்னுகிறவளும் நம்மைப் போல ஒரு பெண்தான். அந்தப் பணம் அவள் வீட்டு அடுப்புக்குப் போகும். வெளியிட நிகழ்வுகளில் பொலித்தீன் சோடனைக்கு 2017 இலும், பிளாஸ்ரிக் மாலைகளுக்கு 2023 இலும் தடை வந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவும் முடிவான பிறகு நான் கேட்டேன்: “வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பது யார்?” தாய் தலையைக் குனிந்தபடி, “நான் பின்னாலை நிக்கிறன், தங்கச்சி” என்றார். சித்தியையும் மாமியையும் நிற்க வைப்பதாக ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள்.

சகோதரிகளே, தாலி கட்டும் சடங்கில் மாற்றம் செய்ய உங்கள் வீட்டார் தயங்கலாம். ஆனால் வரவேற்பு ஒரு சடங்கு அல்ல. வீட்டுக்காரர் வந்தவர்களை அழைத்து உபசரிக்கும் நேரம் அது. அந்த வீட்டுக்காரி யார்? பிள்ளையைக் காத்துப் படிப்பித்து ஆளாக்கியவள்தானே! அவளைப் பின்னுக்கு நிறுத்தும் வழக்கத்தை மனிதர்தான் வகுத்தார்கள்; அதை மாற்றுவதும் மனிதரால் ஆகும். இதை மகள் புரிந்துகொண்டாள். “அம்மா வாசலிலை நிக்காட்டில் எனக்கு வரவேற்பே வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். தாய் நின்றார். ஓரிருவர் முணுமுணுத்தார்கள், வந்தவர்களில் பலர் அவருடைய கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

தகப்பனின் படத்தையும் யோசித்தே வைக்க வேண்டும். இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுவது நமது வழக்கம். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவிக்கு அந்த மாலை ஒரு தீர்ப்பைப் போன்றது. அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தாயின் கணவரும் அப்படித்தான். அவர்கள் மாலை போடவில்லை. மூவரும் சேர்ந்து எடுத்த பழைய குடும்பப் படத்தை வாசல் மேசையில் பூத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எதையும் முடிவாகச் சொல்லாமல், அவரும் இந்த வீட்டைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் அந்தப் படம் சொன்னது. உங்கள் வீட்டில் எப்படி வைப்பது என்பதைத் தாயிடம் கேட்டே தீர்மானியுங்கள். சோடனைக்காரரோ உறவினரோ அதைத் தீர்மானிக்கக் கூடாது.

உங்கள் வீட்டிலும் கலியாணம் வருகிறதா? ஒரு கொப்பித் தாளில் முதல் வரியாக வாசலில் நிற்பவரின் பெயரை எழுதுங்கள். இரண்டாவதாகக் கடன் படாமல் செலவழிக்கக்கூடிய தொகையை எழுதுங்கள். பூவும் நிறமும் அதற்குக் கீழே வரட்டும்.