தலைவிதியா? ஈரலா?

ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்குக் காசநோய் கண்டு, ஒரே மாத்திரையை ஒரே அளவில் இருவரும் சாப்பிட்டு, ஒருவன் சுகமாயிருக்க மற்றவன் கை கால் எரிகிறது, மரத்துப் போகிறது என்று கதறுவானானால், நம் மக்கள் சொல்லும் காரணம் என்ன? "அவன் வாங்கி வந்த வரம், இவன் தலையெழுத்து" என்பதுதானே! அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஜோசியன் வேலை ஆரம்பமாகிவிடுகிறது.

ஆனால் விசாரணையை அத்தோடு விடாதவர்களும் இருந்தார்கள். ஐசோநயாசிட் என்னும் மருந்து 1952-ல் காசநோய்க்கு வந்தது. 1956-ல் சென்னையில் ஏற்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தார், அம்மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து, அது உடம்பில் என்னவாகிறது என்று சோதித்தார்கள். கண்டதென்ன? சிலருடைய ஈரல் அம்மருந்தை வெகு சீக்கிரம் செயலறச் செய்துவிடுகிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுடைய ஈரலோ மெதுவாகவே செய்கிறது. மெதுவானவர்களுக்கு, அளவு கூடினால், மருந்து அதிக நேரம் தங்கி நரம்பைக் கெடுக்கிறது. வேகமானவர்களுக்கோ, வாரம் ஒரு முறை மட்டும் கொடுத்தால் போதிய குணமில்லை.

இவ்வேகத்தைத் தீர்மானிப்பது பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவே என்பது 1960-ல் குடும்பம் குடும்பமாகச் சோதித்து நிரூபிக்கப்பட்டது.

"பார்த்தீர்களா! எல்லாம் பிறப்பில்தான் என்று உங்கள் விஞ்ஞானமே ஒப்புக்கொள்கிறதே!" என்று சிலர் குதிக்கக்கூடும். குதிக்க வேண்டியதில்லை. வேகமான தாய் தகப்பனுக்கே மெதுவான பிள்ளை பிறக்கலாம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளே வேறுபடலாம். ஜப்பானில் வேகமானவர்கள் அதிகம், நம்மிடையே மெதுவானவர்கள் அதிகம் என்பது உண்மையே. ஆயினும் இரு நாட்டிலும் இரு வகையாரும் உண்டு. ஆகவே நிறத்தையோ ஜாதியையோ பார்த்து ஒருவனுடைய ஈரலின் வேகத்தைச் சொல்லிவிட முடியாது. அவனவன் உடம்பைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

அன்றியும், தலைவிதி என்பது மாற்ற முடியாதது என்பதல்லவா அவர்கள் கொள்கை? இதுவோ காரணம் தெரிந்ததும் மாறிற்று. விட்டமின் பி6 மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து அந்நரம்புக் கோளாறு வராமல் தடுக்கிறார்கள். எந்த ஜாதகத்திலாவது இப்பரிகாரம் எழுதியிருந்ததா?

எனவே தோழர்களே, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையானால் நீங்களாகவே அதை நிறுத்திவிடாதீர்கள், மந்திரிக்கவும் ஓடாதீர்கள். டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லிக் காரணம் கேளுங்கள். இம்மாதிரி மரபணுச் சோதனைகள், அவசியமான மருந்துகளுக்கெல்லாம், காசுள்ளவனுக்கு மாத்திரமல்லாமல் சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஏழைக்கும் கிடைக்க வேண்டுமென்று கேளுங்கள். ஏழைகளின் உடம்பிலிருந்து கற்ற அறிவு ஏழைகளுக்கே பயன்படவில்லையென்றால், அதற்கும் விதியைத்தான் காரணம் சொல்லப் போகிறோமா?