போயர் வீரமும் போயர் சுதந்திரமும்

டி வெட், போத்தா, டெலாரே ஆகிய போயர் தளபதிகள் 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷ் பெரும்படையை அலைக்கழித்தது மெய்யே. பிரிட்டிஷார் அடைத்துவைத்த முகாம்களில் சுமார் 26,000 போயர் பெண்டு பிள்ளைகள் மாண்டதும் மெய்யே. அக்கொடுமையை மன்னிக்கும்படி நாம் சொல்லவில்லை.

ஆனால், அத்தளபதிகள் காக்கப் போராடிய குடியரசு யாருடைய குடியரசு என்று கேட்கின்றோம். சர்க்காரிலானாலும் சரி, மாதாகோவிலிலானாலும் சரி, வெள்ளையருக்கும் மற்ற நிறத்தாருக்கும் சமத்துவம் கிடையாதென்று டிரான்ஸ்வாலின் 1858-ம் வருஷத்து அரசியல் சட்டம் பச்சையாகவே கூறிற்று. 1885-ம் வருஷத்துச் சட்டமோ, நம்மவர் உள்ளிட்ட ஆசியாக்காரருக்குப் பிரஜா உரிமையே இல்லையென்றது. போயரும் ஆங்கிலேயரும் ஒரே பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே கடவுளிடம் வெற்றி கேட்டார்கள். கறுப்பர் விஷயத்தில் அக்கடவுள் வாயே திறக்கவில்லை!

தனி முகாம்களில் அடைபட்ட கறுப்பரும் 14,000 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன? சுயாட்சி வழங்கும்வரை கறுப்பரின் ஓட்டுரிமையைப்பற்றி முடிவு செய்வதில்லையென்று, 1902 மே 31-ல் இரு கட்சியாரும் கையெழுத்திட்டுக் கைகுலுக்கிக் கொண்டார்கள். சுயாட்சி வந்தபின் முடிவு செய்பவன் வெள்ளையன்தானே! 1910-ல் தளபதி போத்தா பிரதம மந்திரியானார். 1913-ல் அவரது சர்க்கார் செய்த நிலச்சட்டம், நாட்டில் பெரும்பாலோரான கறுப்பருக்கு நூற்றுக்குச் சுமார் 7 பங்கு நிலமே ஒதுக்கிற்று. டிரான்ஸ்வால் கறுப்பர் பார்லிமெண்டுக்கு ஓட்டுப்போட 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தன் தலைமேல் இருப்பவனை உதறுவதும், தன் காலின்கீழ் இருப்பவனை மிதிப்பதும் ஒருங்கே நடந்தால் அதற்குச் சுதந்திரம் என்று பெயரா? எஜமானன் மாறுவது வேறு, அடிமைத்தனம் ஒழிவது வேறு. வீரத்துக்குக் கைதட்டுமுன், யாருக்குச் சுதந்திரம் என்று கேளுங்கள்!