மார்க்குக்கு ஒரு தட்டு பிரியாணி

பரீட்சை முடிவு வந்த அன்று சாயங்காலம் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்த ஹோட்டலில் நுழைந்தாலும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான். கணக்கில் தொண்ணூறைத் தாண்டிய மகளுக்காக மட்டன் பிரியாணியும் கிரில் சிக்கனும் மேசைக்கு வந்திருக்கும். மார்க் குறைந்த அண்ணனுக்கும் அதே பிரியாணிதான். ஆனால் அவன் தட்டில் கை வைக்கும் முன்பே, “தங்கச்சி புண்ணியத்துல சாப்பிடு” என்று அப்பா சொல்லி முடித்திருப்பார். அந்தப் பையனுக்கு அந்தச் சோறு எப்படி இறங்கும் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

அன்பில்லாமல் நாம் இதைச் செய்வதில்லை. கண் முழித்துப் படித்த பிள்ளை ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் கூட்டிப் போகிறோம். ஆனால் வருஷம் முழுக்க இப்படியே நடந்தால், ஹோட்டல் சாப்பாடு ஜெயித்தவர்களுக்கு, வீட்டுச் சாப்பாடு மற்ற நாளுக்கு என்று பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுகிறது. லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் சிறு குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுத்தபோது அதன் மேல் குழந்தைகளுக்கு விருப்பம் கூடியது. பரிசு வேண்டுமானால் இதைக் குடி என்று குடிக்க வைத்த பானத்தின் மேல் விருப்பம் குறைந்தது. “இந்த மீனைத் தின்னு முடி, சாயங்காலம் ஐஸ்கிரீம்” என்று நாம் சொல்லும்போது இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்துவிடுகிறோம். பிறகு கல்யாண வீட்டில் உட்கார்ந்து, “எம் பிள்ளை மீனையே தொடமாட்டேங்குது, நூடுல்ஸ்தான்” என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். அந்தக் குறைக்குள் கொஞ்சம் பெருமையும் இருக்கிறதா, இல்லையா?

காலை ஏழரை மணி. ஸ்கூல் வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. முந்தின ராத்திரி மாங்காய் போட்டு வைத்த சூடை மீன் குழம்பு சட்டியில் சுண்டிக் கிடக்கிறது. மீன் குழம்புக்கு மறுநாள்தான் ருசி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இட்லிக்கு அதைவிடப் பொருத்தமான தொடுகறி இந்தக் கடற்கரையில் இல்லை. பிள்ளை சட்டிப் பக்கம் கை நீட்டுகிறது. “ஸ்கூலுக்குப் போற நேரத்துல மீனா? கை நாறும். பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளைக என்ன சொல்லும்?” என்று கையைத் தட்டிவிட்டு, பிரெட்டில் ஜாம் தடவிக் கொடுக்கிறோம். டிபன் டப்பாவில் மீன் வாசம் வரக் கூடாது, மற்ற பிள்ளைகள் கொண்டு வருவதை விடக் குறைவாகவும் தெரியக் கூடாது. நம் கூச்சத்தையெல்லாம் அந்தச் சின்ன டப்பாவில் அடைத்து அனுப்புகிறோம்.

மீனை ஆராய்வதற்கென்று 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல வருஷம் நம் மண்டபம் ஊரைத்தான் தலைமையிடமாக வைத்திருந்தது. விஞ்ஞானிகள் வந்து தங்கிப் படித்த மீன் அது. அதே மீன் வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது யார்? கூடப் படிக்கும் பிள்ளைகளா, நாமா?

இத்தனைக்கும் இந்த ருசி அவர்களுக்குப் புதிதாக இருக்க வாய்ப்பில்லை. பால் நன்றாக ஊறட்டும் என்று பிள்ளை பெற்ற வீட்டில் பால்சுறாவை வேகவைத்து, உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டு அப்பத்தா புட்டு செய்து கொடுத்தது நினைவிருக்கும். ஜூலி மென்னல்லா என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 2001-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ கேரட் சாறு குடித்துவந்த தாய்மார்களின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த உணவை அதிகம் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன. தாய் தின்றதன் ருசி பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. அப்படிச் சேர்ந்ததை ஐந்து வயதுக்குள் நாமே துடைத்து எடுக்க என்ன அவசரம்?

கீழக்கரையிலும் தொண்டியிலும் நடப்பது வேறு மாதிரி. வாப்பா வளைகுடாவில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை வீடியோ காலில், “என்ன வேணும்மா, ஆர்டர் போட்டுக்க” என்கிறார். பக்கத்தில் இருக்க முடியாத மனுஷனுக்கு அன்பைக் காட்ட வேறு வழி தெரியவில்லை, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர் லீவு முடிந்து கிளம்பும்போது பெட்டியில் என்ன போகிறது என்று பாருங்கள். நெத்திலிக் கருவாடு, முண்டு மிளகாய், தொதல். அவர் ஏங்குவது ஒன்று, பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பது இன்னொன்று. “எனக்கு இது ஏன் பிடிக்கும் தெரியுமா” என்று அந்தக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிள்ளை கையில் கொடுத்து இரண்டு நிமிஷம் பேச நமக்கு ஏன் தோன்றவில்லை?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் வீட்டில் கை இறுகும். தடை முடிந்து முதல் போக்கில் நல்ல இறால் பட்டால் மொத்தமும் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போய்விடும்; நல்ல நண்டும் அப்படித்தான். கையில் காசு வந்ததும், இரண்டு மாதம் ஒன்றும் வாங்கிக் கொடுக்கவில்லையே என்ற தவிப்பில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃபிரைடு ரைஸ் கடைக்குப் போகிறோம். கடனும் டீசல் கணக்கும் இருக்கும் வீட்டில் இறாலை விற்காமல் தின்னச் சொல்ல நான் யார்? ஆனால் அந்தச் சின்னவள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நல்லது எதுவோ அது வெளியே போகும். நமக்கு மிஞ்சுவது மட்டம். காரல் மீனையும் சூடையையும் அவள் மட்டமாகப் பார்த்தால் தப்பு அவளுடையதா?

அடுத்தது நம் பயம். 2023-ல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு சிறுமி இறந்தபோது வீட்டுக்கு வீடு தடை போட்டோம். 2024 பிப்ரவரியில் சாயக் கலப்படத்துக்காகப் பஞ்சுமிட்டாயை அரசு தடை செய்தபோதும், 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசை ஒரு வருஷத்துக்குத் தடை செய்தபோதும் அதே கதைதான். அந்தத் தடைகள் தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் சென்ற மாதம் முதல் ரேங்க்குக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்ததை இந்த மாதம் “விஷம், தொடாதே” என்று பிடுங்குகிறோம். பத்து நாள் கழித்து, அடுத்த பரீட்சைக்கு மறுபடியும் அதே கடை. பிள்ளை எதை நம்பும்?

ருசி மாறுவதைப் பற்றி எனக்குப் புலம்பல் இல்லை. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த பயிர். தொதல் மலாய் நாடுகளிலும் இந்தோனேசியாவிலும் உள்ள பலகாரம். கடல் வணிகம் அதைக் கீழக்கரை அடுப்பில் ஏற்றியது. ராமேசுவரம் கோயிலைச் சுற்றி வடநாட்டு யாத்ரீகர்களுக்காக ரொட்டியும் பருப்பும் போடும் கடைகள் எத்தனை! அங்கே சாப்பிட்டு வந்து, “சப்பாத்திக்கு நம்ம குருமாதான் சரி” என்று ஒரு பிள்ளை சொன்னால் எனக்கு மகிழ்ச்சி. அது அந்தப் பிள்ளையின் சொந்தக் கருத்து. சால்னா ஊற்றிய பரோட்டாவுக்கு நானும் அடிமைதான். ஆனால் எந்தக் கடை நல்ல கடை, எந்தச் சாப்பாடு மட்டம் என்று நாம் சத்தமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருந்தால், பிள்ளை தன் நாக்கைக் கேட்டுப் பார்க்க இடம் எங்கே?

கலாம் பிறந்த ஊர்ப் பக்கம் என்பதால் நம் பிள்ளைகள் அவர் பெயரைக் கேட்காத நாளில்லை. போர்க்கால ரேஷன் சமயத்தில் அம்மா கொடுக்கக் கொடுக்கச் சப்பாத்தியைச் சாப்பிட்டதையும், அம்மா தன் பங்கையும் சேர்த்துத் தனக்குக் கொடுத்துவிட்டதைப் பிறகு அண்ணன் சொல்லித்தான் தெரிந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். “அப்படிக் கஷ்டப்பட்டுப் படிச்சாரு, உனக்கு எல்லாம் இருந்தும் படிக்கக் கசக்குதா?” என்று தட்டுக்கு முன்னால் வைத்தே அதைச் சொல்லிக் குட்டுகிறோம். அந்தத் தாய் செய்ததை மறுபடி நினைத்துப் பாருங்கள். பிள்ளை சாப்பிட்டான், போட்டாள். ரேங்க் கேட்கவில்லை. தன் பட்டினியைக் கூடச் சொல்லிக் காட்டவில்லை. அவர் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பிள்ளையின் பங்கையா, தாயின் பங்கையா?

ஜப்பானில் 2005-ல் உணவுக் கல்விக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகள் முறை வைத்து ஒருவருக்கொருவர் பரிமாறிச் சாப்பிடுகிறார்கள். நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லீவு நாளில் ஏலம் நடக்கும் கரைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போவோம். எந்த மீன் என்று அதுவே கை காட்டட்டும், செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கட்டும், வீட்டில் உரசிக் கழுவக் கூடவே நிற்கட்டும். சாப்பிட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்றே இருக்கட்டும். சித்திக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டாம். இன்னொரு நாள் மறுபடி வைத்துப் பார்க்கலாம். ஃபிரைடு ரைஸ் கேட்டால் பரீட்சையும் பிறந்தநாளும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வாங்கிக் கொடுப்போம். அன்றைக்கு மார்க் ஷீட்டைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.