சாரணர்க்கு வழிகாட்டும் படைவீரர்

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல், பிரிட்டிஷ் படையில் தளபதியாக விளங்கியவர். அவர் 1907ஆம் ஆண்டு பிரௌன்சீ என்னும் சிறு தீவில் ஏறத்தாழ 20 சிறுவரைத் திரட்டிப் பாசறை அமைத்தார். செல்வர் மக்களும் உழைப்பாளர் மக்களும் அங்கு ஒருங்கே தங்கினர். அவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். 1910இல் பேடன் பவல் படையினின்று ஓய்வு பெற்றுச் சாரணர் தொண்டிலேயே ஈடுபட்டார்.

நம் நாட்டிலும் படைவீரர் பலர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெறுகின்றனர். உடலுரமும், காலந்தவறாமையும், முதலுதவி அறிவும், நிலப்படம் கொண்டு வழிகாணும் திறனும் அவர்பால் உள. ஊதியம் கருதாது அவர்கள் சாரண ஆசிரியராக முன்வரின் இளைஞர்க்குப் பெரும்பயன் விளையும் அன்றோ?

எனினும் ஒன்று கருதத்தக்கது. படையில் ஆணைக்குக் கீழ்ப்படிதலே முதற்கடமை. சாரணர் பாசறையிலோ சிறுவன் தானே எண்ணித் தானே செய்து கற்றல் வேண்டும். அணிவகுப்புப் பயிற்சியே சாரணியம் எனக் கொள்வதைப் பேடன் பவலும் ஏற்றிலர். சாய்ந்த கூடாரத்தைத் தாமே விரைந்து நிமிர்த்திவிடும் வீரரினும், சிறுவர் நிமிர்த்தும்வரை பொறுத்திருக்கும் வீரரே நல்லாசிரியர் ஆவர். அத்தகையோரைப் பள்ளிகள் தேடி அழைத்தல் வேண்டும். அவரும் ஆணையிடும் வழக்கத்தைக் களைந்து வருதல் வேண்டும்.