இழுத்தால் ஏற வேண்டும்

கணினியில் உலங்குவானூர்தி ஓட்டிப் பழகுவோரிடம் ஒரு கேள்வி: மேலே எழும்ப உங்கள் இடது கை முன்னே தள்ளுகிறதா, பின்னே இழுக்கிறதா?

தள்ளுகிறது என்றால் அது விமானத்தின் பழக்கம். மேசையில் வைக்கும் த்ரொட்டில்களிற் பெரும்பாலானவை விமானத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. தள்ளினால் விசை கூடும். உலங்குவானூர்தியிலோ விமானியின் இடப்புறம் இருப்பது கொலெக்டிவ் என்னும் நெம்புகோல். அதை மேலே இழுத்தால் பிரதான சுழலியின் தகடுகள் அனைத்தினதும் சாய்வு ஒருசேரக் கூடி ஊர்தி எழும்பும். த்ரொட்டில் வேறு. டி.சி.எஸ். தொகுதியில் 2013இல் வெளிவந்த ஹியூயில் அது கொலெக்டிவிலேயே அமைந்த முறுக்குப்பிடி. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. செய்தி ஆசிரியர்கள் நன்கறிந்த நோய்தான் இது.

'விளையாட்டுத்தானே, எப்படி இருந்தால் என்ன?' என்பார்கள். நான் உடன்படேன். பறக்கும்போது இயந்திரம் நின்றுபோனால் கொலெக்டிவை உடனே தாழ்த்த வேண்டும். தாமதித்தால் சுழலியின் வேகம் சில விநாடிகளிலேயே மீட்க முடியாதபடி குறைந்துவிடும். அவ்வேளையில் யோசிக்க அவகாசம் இல்லை. பழகிய கைதான் முந்தும். இறங்குவதற்கு இழுத்தே பழகியவர் என்றேனும் உண்மையான ஊர்தியில் அமர்ந்தால், அந்தக் கை அப்போதும் இழுக்கும்.

ஆகவே அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, இழுத்தால் ஏறும்படி அந்த அச்சைத் திருப்பிவிடுங்கள். ஜோய்ஸ்டிக்கின் தண்டு குட்டையானது என்பதால் அதற்குச் சற்று வளைவு கொடுக்கலாம். கொலெக்டிவுக்கு வேண்டாம்.

மாற்றிய புதிதில் நான் இறங்க நினைத்து ஏறினேன். ஏற நினைத்துத் தரையில் மோதினேன். கை திருந்த ஒரு வாரம் பிடித்தது.